நாற்பதுக்கு மேல் தலைமுடியும் தலைத்தோலும்

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தார் திருமலைக்குப் புறப்பட்டால், முளபாகல், பலமநேர் வழியாகச் சித்தூரை அடைந்து, அங்கிருந்து திருப்பதிக்குச் செல்வது வழக்கம். மும்பையிலிருந்து வருவோர் ரேணிகுண்டாவில் இரயிலைவிட்டு இறங்குகின்றனர். எவ்வழியே வந்தாலும், இப்பக்கத்தில் கால் வைத்ததும் தெலுங்கோடு தமிழும் காதில் விழத் தொடங்குகிறது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மாநில எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. அதன் பின்னும் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல ஆந்திரத்திலேயே வாழ்ந்து வருகின்றன. ஆகவே, வெளிமாநிலத்துத் தமிழர்க்கு இது பாதி சொந்த ஊர் போன்றது.

அந்தப் பயணத்தில், நடுவயதைத் தாண்டியவர்கள் பேசிக்கொள்ளும் இரண்டு வாக்கியங்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒன்று, “அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, முடியெல்லாம் கொட்டிவிட்டது” என்பது. மற்றொன்று, “மலையில் மொட்டை போட்டுக்கொண்டால் மறுபடியும் அடர்த்தியாக வளரும்” என்பது. இவ்விரண்டையும் சற்று ஆராய்ந்து பார்ப்போம். முடியைப் பற்றி நாம் கொண்டுள்ள தவறான எண்ணங்கள் பலவும் இவ்விரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கியிருக்கின்றன.

முதலில் மொட்டையைப் பற்றிய நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். திருமலையில் கல்யாணகட்டா என்னும் முடி காணிக்கை மண்டபம் இரவும் பகலும் திறந்திருக்கிறது. தேவஸ்தானத்தார் இச்சேவைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. சில நிமிஷங்களில் பல ஆண்டுக் கூந்தல் தரையில் விழுகிறது. அங்கே சேரும் முடியை நீளவாரியாகப் பிரித்து, நரைமுடியை வேறாக வைத்து, 2011-ஆம் ஆண்டு முதல் மின்னணு ஏல முறையில் விற்றுவருகின்றனர். நீண்ட முடி செயற்கைக் கூந்தலாகிக் கடல் கடந்து செல்கிறது. பல்லாண்டு கழிந்தாலும் அது கெடுவதில்லை. காரணம் எளிது. தலைக்கு வெளியே நாம் காணும் முடியில் உயிர் இல்லை. நகத்தைப் போலவே அதுவும் கெரட்டின் என்னும் புரதத்தாலான இழைதான். உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் இருக்கிறது. அதனை மயிர்க்கால் என்கிறோம்.

சவரக்கத்தி தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. மயிர்க்காலை அது தொடுவதே இல்லை. ஆகவே மழிப்பதனால் முடியின் எண்ணிக்கை கூடவோ, நரை கருக்கவோ வழியில்லை. மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் 1928-ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து, மழிப்பதால் முடியின் பருமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதினார். அப்படியானால், மொட்டைக்குப் பின் முளைக்கும் முடி முரடாகத் தோன்றுவது ஏன்? இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூர்மையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். கத்தி பட்ட முடியின் முனையோ மட்டையாக இருக்கும். தடவிப் பார்க்கும் கைக்கு அது தடித்ததாகத் தெரிகிறது. வேண்டுதலுக்காக முடி கொடுப்பது அவரவர் பக்தியைச் சார்ந்தது. அதனை மருந்தென்று எண்ணி ஏமாறாதிருப்பதே நாம் சொல்ல விரும்புவது.

இனி, வயது ஏறும்போது தலையில் நேர்வது என்ன என்று பார்ப்போம். நம் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளர்ந்து, பிறகு மூன்று மாத அளவு ஓய்ந்திருந்து, உதிர்கிறது. அவ்விடத்தில் புதியது முளைக்கிறது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயற்கையே. நடு வயதுக்குப் பின் வளரும் காலம் குறுகுகிறது. முன்பு இடுப்பைத் தொட்ட பின்னல் தோளுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். மயிர்க்கால் சிறுத்து, முடி மெலிகிறது. நிறம் தரும் அணுக்கள் ஓய்ந்துவிட, நரை தோன்றுகிறது. தோலில் எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதி. ஆண்களுக்கு நெற்றி ஏறுவதும் உச்சி வெளுப்பதும் பரம்பரையாக வருவன. பெண்களுக்கு வகிடு அகன்றுகொண்டே போகும்.

இவை நோயல்ல. ஆனால் எல்லா உதிர்வும் வயதினால் நேர்வதன்று. இங்கேதான் “ஊர்த் தண்ணீர்” என்னும் முதல் வாக்கியம் நம்மை ஏமாற்றுகிறது.

நமக்கு உறவான ஓர் அம்மையார் வடநாட்டு நகரொன்றில் முப்பது ஆண்டுகளாக வாழ்கிறார். ஐம்பதாம் வயதில் அவருக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. “ஆழ்குழாய்த் தண்ணீர்தான் காரணம்” என்று இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார், எண்ணெய்களை மாற்றினார், குளிக்கத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தார். உடல் பருத்தது, எப்போதும் களைப்பு, சிறு குளிரும் தாங்கவில்லை. இவற்றையும் அவர் அந்த ஊரின் மேலேயே போட்டார். திருமலைக்கு வந்த வழியில் சித்தூரில் இருக்கும் தங்கை, “அக்கா, இது தண்ணீர் செய்கிற வேலை இல்லை” என்று சொல்லி, வலிந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இரத்தத்தைச் சோதித்ததில் தைராய்டுச் சுரப்புக் குறைவு என்று தெரிந்தது. நாள்தோறும் ஒரு சிறு மாத்திரையில் களைப்பு நீங்கிற்று. சில மாதங்களில் உதிர்வும் குறைந்தது. அந்த இரண்டு ஆண்டுகளை வீணாக்கியது தண்ணீர் அன்று, தண்ணீரைப் பற்றிய நம்பிக்கைதான்.

சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினநீரில் சோப்பு நுரைக்காது. முடியில் படிவு தங்கிச் சொரசொரப்பாகும். சீவும்போது சிக்குண்டு ஒடியவும் கூடும். அவ்வளவே. வேரோடு உதிர்வதற்குக் காரணத்தை உடலுக்குள் தேடுதல் வேண்டும். தைராய்டுக் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, கட்டுக்கடங்காத நீரிழிவு, சில மருந்துகள், புரதம் குறைந்த உணவு ஆகியவை முதன்மையானவை. கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, பெருந்துயரம் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்தும் முடி திடீரென்று உதிரும். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா கண்டவர்கள் பலர் இதனை அனுபவித்தனர். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நின்றுவிடும். காய்ச்சலும் உதிர்வும் மாதக் கணக்கில் விலகி நிற்பதால், காரணத்தை நாம் மறந்து, புதிதாகக் குடிவந்த வீட்டின் தண்ணீரைக் குறை சொல்கிறோம்.

சரி, அன்றாடப் பராமரிப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும்? எண்ணெய் முழுக்கு நம் முன்னோர் கண்ட நல்வழக்கம். தேங்காயெண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்துபோவதைக் குறைக்கிறது என்று 2003-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே எண்ணெய் முடியைக் காக்கும்; புதிய முடியை முளைப்பிக்காது. குளிப்பதற்கு ஒருமணி நேரத்துக்கு முன் தடவினால் போதும். பொடுகு உள்ளவர் மட்டும் எண்ணெயைத் தலையில் ஊறவிடலாகாது. பொடுகுக்குக் காரணமான நுண்பூஞ்சை தோலின் எண்ணெயை உண்டே பெருகுவது. அவர்கள் கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பை வாரம் இருமுறை தேய்த்து, ஐந்து நிமிஷம் பொறுத்துக் கழுவினால் பலன் தெரியும். சீயக்காய் பழகியவர் அதனையே கொள்ளலாம். ஆனால் முதுமையில் தோல் வறள்வதால், நாள்தோறும் தேய்ப்பது வேண்டா. வடநாட்டுக் குளிர்காலத்தில் கொதிக்கும் நீரைத் தலையில் ஊற்றுவதையும் தவிர்த்தல் நலம்.

மெலிந்த கூந்தலை மறைக்கச் சவுரி வைத்து, இழுத்துக் கொண்டை போடும் வழக்கம் நம் பெண்களிடம் உண்டு. இடைவிடாத இழுப்பினால் நெற்றியோரத்து முடி நிரந்தரமாகப் போய்விடும். தளர்வான பின்னலே தக்கது.

நரைக்குச் சாயம் பூசுவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கருஞ்சாயங்கள் பலவற்றில் பாராஃபினைலீன் டையமீன் என்னும் இரசாயனம் உண்டு. சிலருக்கு அது அரிப்பும் வீக்கமும் தரும். பல ஆண்டுகள் தீங்கின்றிப் பூசியவருக்கும் ஒருநாள் திடீரென்று வரலாம். ஒவ்வொரு முறையும், பூசுவதற்கு இரண்டு நாள் முன்னதாகக் காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. மருதாணி செம்பழுப்பு நிறமே தரும். ‘கருமருதாணி’ என்று விற்றால், அதில் இச்சாயம் கலந்திருக்கக் கூடும் என்று கொள்க. இச்சாயம் வயிற்றுக்குள் சென்றுவிட்டால் நாவும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகமும் பழுதாகும். ஆந்திர மருத்துவமனைகள் இதனால் பல உயிர்களை இழக்கக் கண்டிருக்கின்றன. ஆகவே சாயப் பொட்டலத்தைக் குளியலறை மாடத்தில் வைக்காமல், மருந்தைப் போலப் பூட்டி வைத்தல் வேண்டும். விபத்து நேர்ந்தால் ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

பரம்பரை வழுக்கைக்கு மருந்தே இல்லையா என்று கேட்பீர்கள். இரத்தக் கொதிப்புக்காக வந்த மினாக்சிடில் என்னும் மருந்து, உட்கொண்டவர்க்கு முடி வளரச் செய்ததைக் கண்டு, அதனைத் தலையில் தடவும் திரவமாக்கினர். அமெரிக்காவில் 1988-இல் ஆண்களுக்கும் 1991-இல் பெண்களுக்கும் அதற்கு அனுமதி கிடைத்தது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். மூலிகைத் தைலம் என்றும், அயல்நாட்டு வித்தை என்றும் ஒரு மாதத்தில் கூந்தல் வாக்களிப்போரிடம் பணத்தை இழக்க வேண்டா.

இப்போது மறுபடியும் மலைக்கு வருவோம். மொட்டை போட்டுக்கொள்பவர் புதிய பிளேடு போடப்படுவதைக் கண்ணால் பார்த்துக்கொள்க. பழைய பிளேடு மஞ்சட்காமாலைக் கிருமியைப் பரப்பக் கூடும். நீரிழிவு உள்ளவரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரும் அதனை முன்னரே சொல்லிவிட்டு உட்காருதல் நலம். குளித்தபின் பூசும் சந்தனம் குளிர்ச்சி தரும். ஆனால் வெயிலைத் தடுக்காது. சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கோடை வெயில் கொடியது. பல ஆண்டுகளாக வெளிச்சமே படாத தோலுக்கு அது இன்னும் கொடிது. பருத்தித் துண்டோ தொப்பியோ சில வாரங்கள் தலையில் இருத்தல் வேண்டும். வழுக்கை விழுந்தவர்க்கு இது எந்நாளும் பொருந்தும். மொட்டை போடத் தயங்கும் பெண்களுக்குப் பூமுடி கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு.

மழித்த தலையினால் உடல்நலத்துக்கு மெய்யான பயன் ஒன்று உண்டு. நம் தலைத்தோலை நாமே காண முடிவதில்லை. முடி வளர்ந்திருக்கும்போது பிறரும் காண முடிவதில்லை. மொட்டையடித்த அன்று அது முழுவதும் தெரிகிறது. மாதக் கணக்கில் ஆறாத புண், பொருக்கு உதிர்ந்து மீண்டும் மீண்டும் கட்டும் திட்டு, வளர்ந்துகொண்டே போகும் அல்லது நிறம் மாறும் மச்சம், புழுவெட்டு எனப்படும் வட்டமான வெற்றிடம், துளையே இல்லாமல் வழவழவென்று மின்னும் தழும்பு இவற்றில் ஏதேனும் இருந்தால், அடுத்த வாரமே தோல் மருத்துவரைக் காணுதல் வேண்டும். தழும்பாகிப்போன இடத்தில் மயிர்க்கால் மீளாது. ஆறாத புண் சில வேளை புற்றுநோயாக இருக்கும். தொடக்கத்தில் கண்டால் இரண்டையும் தடுத்து நிறுத்த வழியுண்டு.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை மலைக்குச் சென்று முடி இறக்கினால், சந்தனம் பூசுவதற்கு முன், நல்ல வெளிச்சத்தில் உங்கள் மனைவியையோ மகனையோ மகளையோ தலையின் பின்புறத்தையும் காதோரத்தையும் ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிஷமே ஆகும். சந்தனத்தை அதன் பிறகு பூசிக்கொள்ளலாம்.