ஓடிக்கொலோனை ஒதுக்கி வையுங்கள்

கொழும்பில் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. பேபி சவர்க்காரம், பவுடர், கிரீம், ஓடிக்கொலோன் என்று பளபளக்கும் தாளில் சுற்றிய கூடை ஒன்று கூடவே போகும். புதுக்கடையில் நீதிமன்றங்களைச் சுற்றி நெருக்கியடித்த வீடுகளானாலும் வெள்ளவத்தைத் தொடர்மாடியானாலும், முப்பத்தொன்றாம் நாள் கழிவதற்குள் அலுமாரியில் ஒரு தட்டு நிறைந்துவிடும். இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளையின் கன்னம் சொரசொரத்து, பொருக்கு வைத்து, இரவெல்லாம் அது தலையணையில் முகத்தை உராயத் தொடங்கினால், அதே தட்டிலிருந்து இன்னுமொன்றை எடுத்துப் பூசிப் பார்ப்பார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு.

ஆச்சிமார் கரப்பன் என்றும் கிரந்தி என்றும் சொல்வதில் பெரும்பங்கு, கிளினிக் கொப்பியில் எக்சிமா என்று எழுதப்படும் நோய்தான். தோலின் மேற்படை ஈரத்தைப் பிடித்து வைக்கத் தவறுவதில் இது தொடங்குகிறது. ஆணி கழன்ற தகரக் கூரையைப் போல அந்தத் தோலில் நுண்ணிய இடைவெளிகள் விழுகின்றன. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியிலிருக்கும் தூசியும் சவர்க்காரமும் கிருமியும் உள்ளே இறங்குகின்றன. அவற்றை எதிர்க்க உடல் கிளம்பும்போது தோல் தடித்து அரிக்கிறது. ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன் குழுவினர் 2006இல், ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் பழுதுள்ளவர்களுக்கு எக்சிமா வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று காட்டினார்கள். தோலின் ஈரத்தைக் காப்பதில் அந்தப் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பாவுக்கு ஆஸ்துமா, அம்மாவுக்கு விடிந்தால் அடுக்குத் தும்மல் என்றால் பிள்ளைக்கு எக்சிமா வருவதில் வியப்பில்லை. பால் கொடுக்கிறவள் நண்டும் தக்காளியும் தின்றதால்தான் வந்தது என்று மாமி சொன்னால், பணிவாகக் கேட்டுக்கொண்டு அடுத்த முறையும் நண்டைச் சாப்பிடலாம்.

பழைய மருத்துவப் புத்தகங்களில் எக்சிமா என்றால் சிவந்த தோல். அந்தப் படங்களெல்லாம் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் பிள்ளைகளில் அது கருஞ்சாம்பலாக, கத்தரிப்பூ நிறமாக, சில வேளை நிறமே மாறாமல் பொடிப்பொடிப் பருக்களாக இருக்கும். அதனாலேயே கடுமையான எக்சிமாவும் லேசானதாகக் கணக்கில் எடுக்கப்படுகிறது. கண்ணை நம்புவதைவிட விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. ஆறிய இடத்தில் வெளிறிய திட்டு மாதக்கணக்கில் நிற்கும். மருந்துதான் தோலை வெளுக்க வைத்தது என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அது அழற்சி விட்டுப்போன தடம். காலப்போக்கில் நிறம் திரும்பும்.

எக்சிமா வரும் இடங்கள்: கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, கைகால்களின் வெளிப்பக்கம். ஓடித்திரியும் வயதில் முழங்கை, முழங்கால் மடிப்பு. பம்பர்ஸ் கட்டும் இடம் பெரும்பாலும் தப்பிவிடும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் இருந்து, ஒரே பாயில் படுக்கும் அண்ணனும் அம்மாவும் இரவில் சொறிந்தால், அது எக்சிமாவாக இல்லாமல் சிரங்காக இருக்கக்கூடும். சிரங்கு சிறு பூச்சியால் வருவது; வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் போகும். நெருக்கமான வீடுகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம்.

இனி அந்தத் தட்டுக்கு வருவோம். ஓடிக்கொலோனில் இருப்பது மதுசாரமும் வாசனைப் பொருள்களும். முதலாவது வெடித்த தோலில் எரியும், இரண்டாவது ஒவ்வாமையைக் கிளப்பும். குளிக்கும் தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் தடிமன் பிடிக்காது என்பது வெறும் நம்பிக்கை. பவுடர் தோலை இன்னும் உலர்த்தும். சாதாரண சவர்க்காரம் காரத்தன்மை கொண்டது, தோலோ சற்று அமிலத்தன்மையானது. வேப்பிலை, சந்தனம் என்று உறையில் எழுதியிருந்தாலும் சவர்க்காரம் சவர்க்காரம்தான். பயற்றம் மாவைப் போட்டுத் தேய்ப்பதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் அந்தத் தோலுக்கு ஆகாது. குளிப்பை மட்டும் நிறுத்த வேண்டாம். கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையே அரிப்பைத் தூண்டும் என்பதால் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் குளிப்பாட்டலாம். துவாயால் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் வாசனையில்லாத, ஈரம் காக்கும் கிரீம்.

எவ்வளவு கிரீம் என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். எக்சிமா உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் என்பது பிரித்தானிய வழிகாட்டியின் கணக்கு. இங்கே 50 கிராம் டியூப் ஒன்றை மாதம் முழுக்க இழுக்கிறோம். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிக் கிரீமின் விலையைப் பார்த்தால் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் விலை கூடியதுதான் நல்லது என்றில்லை. லோஷன், கிரீம், ஜெல், களிம்பு நான்கையும் 550 பிள்ளைகளிடம் ஒப்பிட்ட பிரித்தானிய ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. நான்குக்கும் பலனில் வித்தியாசமில்லை. பிள்ளைக்கு எரியாததும் வீட்டுக்குக் கட்டுப்படியாவதும் போதும். பெட்ரோலியம் ஜெலி மலிவு. பகல் வெக்கையில் அது பிசுபிசுத்து வேர்க்குருவைக் கிளப்பும் என்பதால் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். பாமசியில் மலிவாகக் கிடைக்கும் அக்குவஸ் கிரீமைப் பூசி விடுவதில் மட்டும் கவனம்: அதிலுள்ள சோடியம் லோரில் சல்பேட் பல பிள்ளைகளுக்கு எரிச்சல் தரும் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்தது.

தேங்காய் எண்ணெய்? பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளிடம் எட்டு வாரம் நடத்திய சோதனையில் சுத்தத் தேங்காயெண்ணெய் பூசியவர்களின் நோய்க் கடுமை 68 வீதம் குறைந்தது. மினரல் எண்ணெய் பூசியவர்களின் கடுமை 38 வீதம் குறைந்தது. தேங்காயைக் கொப்பரையாக உலர்த்தாமல் குளிர்முறையில் எடுத்த எண்ணெய் அது. கடையில் அளந்து விற்கும் எண்ணெயைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை. லேசான எக்சிமாவுக்குச் சுத்தத் தேங்காயெண்ணெயை நான் தடுக்க மாட்டேன். ஒலிவ் எண்ணெய் தோலின் மேற்படையைக் கெடுக்கிறது என்று ஷெஃபீல்ட் ஆய்வாளர்கள் 2013இல் கண்டார்கள். கச்சான் எண்ணெய் கலந்த பூச்சுகளை வெடித்த தோலில் பூசிய பிள்ளைகளிடம் கச்சான் ஒவ்வாமை கூடுதலாகத் தெரிந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், புண்பட்ட தோலில் நல்லெண்ணெய் தேய்ப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கிரீம் ஈரத்தைக் காக்கும். மூண்டுவிட்ட அழற்சியை அது அணைக்காது. அதற்கு ஸ்டெரொய்ட் பூச்சு வேண்டும். அந்த வகையைச் சேர்ந்த ஹைட்ரோகோர்ட்டிசோன் தோல்நோய்க்குப் பூசப்பட்டுப் பலன் தந்தது 1952இல். எழுபது ஆண்டு அனுபவம் இருந்தும் ஸ்டெரொய்ட் என்ற பெயரைக் கேட்டால் நமக்கு நடுக்கம். வைத்தியர் தந்ததைப் பயந்து பயந்து புள்ளி வைப்பார்கள், நோய் அடங்காது, பிறகு பக்கத்து வீட்டார் சொன்ன, நாலு மருந்து கலந்த டியூபை வாங்கி வாரிப் பூசுவார்கள். பயப்பட வேண்டியது இரண்டாவதற்கு. வெளுப்பாக்கும் கிரீம்களிலும் கலவை டியூப்களிலும் கடுமையான ஸ்டெரொய்ட் ஒளிந்திருக்கலாம். பிள்ளைக்குரிய மென்மையான வகையை வைத்தியர் சொன்ன நாளளவுக்குப் பூசினால் தோல் மெலிவது அபூர்வம். 2022இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வில், வலுவான வகைகளையும் சேர்த்தே, அது நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்தது. அளவு தெரிய வேண்டுமானால், பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய மருந்து ஏறக்குறைய அரைக் கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஆறு மாதப் பிள்ளையின் முகத்துக்கும் கழுத்துக்கும் அதில் ஒன்று.

பத்தியம் பற்றி ஒரு வார்த்தை. வைத்தியர் சோதிக்காமல் பாலையும் முட்டையையும் மீனையும் வெட்டிவிட்டால் பிள்ளை மெலியும். ஒவ்வாமை கூடவும் வாய்ப்பு உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக், கடுமையான எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 பிள்ளைகளை எடுத்து, ஒரு பாதிக்கு வயது ஒன்றாவதற்கு முன்பே கச்சான் உணவு கொடுக்கத் தொடங்கினார். மறு பாதி தவிர்த்தது. 2015இல் வந்த முடிவு: ஐந்து வயதில் தவிர்த்தவர்களில் 17 வீதத்தினருக்குக் கச்சான் ஒவ்வாமை, தின்றவர்களில் 3 வீதத்தினருக்கே. இதை வீட்டில் செய்து பார்க்க நினைத்தால், கடும் எக்சிமா உள்ள பிள்ளைக்கு வைத்தியரிடம் கேட்டபின், நைசாக அரைத்துக் குழைத்துத்தான். முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கும்.

இவ்வளவும் வீட்டிலும் கிளினிக்கிலும் ஆகிற காரியம். தேன் நிறப் பொருக்கும் சீழும் வந்தால் கிருமி தொற்றியிருக்கிறது, அன்றே காட்ட வேண்டும். துளை குத்தியது போல ஒரே அளவில் சிறு புண்கள் கூட்டமாக எழும்பி, காய்ச்சலும் வந்து, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. எக்சிமாத் தோலில் ஹேர்பிஸ் வைரசு பரவியிருக்கலாம். புதுக்கடையிலிருந்து ஓட்டோவில் நேரே பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பெரியவர்களின் உதட்டோரத்தில் அடிக்கடி பொங்கும் கொப்புளத்துக்கும் அந்த வைரசுதான் காரணம். அப்படிப் பொங்கியிருக்கிற நாளில் பிள்ளை பார்க்க வருகிறவர் மாமாவானாலும் பெரியம்மாவானாலும், முத்தம் கொடுக்க வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.