முயலும் கினி பிக்கும் ஒரே கூண்டிலா? வேண்டாம்!

கோல சிலாங்கூர்: தோட்டத்து வீட்டுக் கொல்லையானாலும் தாமான் வீட்டு முன்புறமானாலும், பிள்ளைகளின் ஆசைக்காக முயலையும் கினி பிக்கையும் வாங்கி ஒரே கூண்டில் விட்டுவிடுவோர் உண்டு. “இரண்டும் புல்தானே தின்கின்றன, ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும்” என்பது அவர்களின் எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால், அதனால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் கினி பிக்தான்.

மலாயில் ‘திக்குஸ் பெலாண்டா’ எனப்படும் கினி பிக்கின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் அண்டீஸ் மலைப்பகுதி. வீட்டு முயலின் மூதாதையரோ ஐரோப்பாவைச் சேர்ந்தவை. கினி பிக் கீச்சிட்டுப் பேசும். முயல் பெரும்பாலும் உடலசைவால் பேசும். ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது.

சேர்த்து வளர்ப்பதில் மூன்று ஆபத்துகள் உள்ளன.

முதலாவது, உதை. முயலின் பின்னங்கால் வலுவானது. விளையாட்டாக உதைத்தாலும் கினி பிக்கின் எலும்பு முறியலாம், உள்ளுறுப்பு சேதமடையலாம். ஓடி ஒளிய இடமில்லாத சிறு கூண்டில் ஆபத்து இன்னும் அதிகம்.

இரண்டாவது, உணவு. முயலின் உடல் வைட்டமின் சி சத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும். மனிதரைப் போலவே கினி பிக்கால் அது முடியாது. முயல் தீவனத்தை மட்டும் தின்னும் கினி பிக் நாளடைவில் மூட்டு வலியால் நொண்டும், ஈறில் இரத்தம் கசியும், சாப்பிட மறுக்கும். அதற்குத் தினமும் ஒரு துண்டு கொய்யா அல்லது குடைமிளகாய் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, நோய். ‘போர்டெடெல்லா’ என்ற கிருமி முயலின் மூக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் தங்கியிருக்கும். அது தொற்றினால் கினி பிக்கிற்கு உயிரைப் பறிக்கும் நிமோனியா வரலாம்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. ஒரு பிராணியை மற்றவற்றுடன் சேர்த்து வைப்பதா, பிரித்து வைப்பதா என்ற தேவையையும் உரிமையாளர் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் (சட்டம் 772).

ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்போர் இன்றே தனித்தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். இரண்டுமே கூட்டமாக வாழும் பிராணிகள் என்பதால் அதனதன் இனத்திலேயே துணை தேடுங்கள். இரண்டு பெண் கினி பிக்குகள் என்றால் குட்டி பெருகும் கவலையும் இல்லை. கூண்டு நிழலில், காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். நம் கடலோர வெயிலை இரண்டுமே தாங்காது. செம்பனைக்கு அடியில் களைக்கொல்லி மருந்தடித்த புல்லை அறுத்துப் போடவே கூடாது.

வளர்க்க முடியவில்லை என்று தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள். பாம்புக்கும் உடும்புக்கும் நாய்க்கும் இரையாகிவிடும். வளர்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

கினி பிக் நோயை வெளிக்காட்டாத பிராணி. ஒரு நாள் சாப்பிடவில்லை என்றாலும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.