பட்டம் பொய்யா, பரீட்சை பொய்யா?

தமிழ்நாட்டில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியராவதற்கு எத்தனை வாயில்களைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை நமது நேயர்களிற் பலர் கணக்கிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்க விரும்புவோர் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியபின் இரண்டு வருஷம் தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்க வேண்டும். பட்டதாரி ஆசிரியராக விரும்புவோருக்குச் சர்வகலாசாலைப் பட்டமும், அதன்மேல் பி.எட். பட்டமும் வேண்டும். ஒரு வருஷப் படிப்பாயிருந்த பி.எட். 2015-ம் வருஷம் முதல் இரண்டு வருஷமாயிற்று. அந்தப் பட்டத்தைக்கொண்டு தொடக்க வகுப்புகளுக்கு ஆசிரியராக முடியாதென்று சுப்ரீம் கோர்ட்டு 11-8-2023-ல் தீர்ப்பளித்தது. படிப்பு முடிந்த பின்னர் எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வு உண்டு. அதிலும் தேறியபின், 2018-ம் வருஷத்துச் சர்க்கார் உத்தரவின்படி, வேலைக்கென்று தனியாக ஒரு போட்டித் தேர்வு.

பரீட்சையே வேண்டாமென்று நாம் வாதிக்க முன்வரவில்லை. செல்வந்தன் தன் பிள்ளைக்குப் பள்ளியைத் தேடிக்கொள்வான், பிடிக்காவிடில் மாற்றிக்கொள்வான். கூலிக்காரனுக்கு அந்த வசதியில்லை. தன் ஊர்ப் பள்ளிக்கு யார் வந்தாலும் அவரிடமே அவன் தன் குழந்தையை ஒப்படைக்க வேண்டும். ஆகையால் அவன் சார்பில் ஆசிரியரின் யோக்கியதையைச் சோதிக்கும் கடமை ராஜாங்கத்தைச் சேர்ந்தது. 1-4-2010-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 23-வது பிரிவு ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி விதிப்பது இக்காரணம் பற்றியே. அதன்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழு 23-8-2010-ல் வெளியிட்ட அறிவிக்கை தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கிற்று. நூற்றைம்பது வினாக்கள், நூற்றைம்பது மதிப்பெண்கள். பொதுப் பிரிவினர் தொண்ணூறு பெற்றால் தேர்ச்சி. நோக்கத்தில் குற்றங்காண இடமில்லை.

ஆனால் நோக்கம் வேறு, நடந்தது வேறு. 2012-ம் வருஷம் ஜூலை மாதம் நமது மாகாணத்தில் இத்தேர்வு முதன்முறையாக நடந்தது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர்கூட இல்லை! அதே வருஷம் அக்டோபரில் மறுபடி நடத்தினார்கள். அப்பொழுது தேறியவர்கள் சுமார் பத்தொன்பதினாயிரம் பேர். மூன்று மாதத்துக்குள் அறிவு எட்டு மடங்கு பெருகிவிட்டதா? முதல் தேர்வுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. இரண்டாவதற்குக் கொடுத்தது மூன்று மணி. அளக்கும் கோலே இவ்வாறு நீண்டும் குறுகியும் போகுமானால், அளக்கப்பட்டவனைக் குட்டையன் என்று இகழ்வது எங்ஙனம் நியாயமாகும்?

அல்லது, கோல் சரியானதே என்று கொள்வோம். அவ்வாறாயின் வேறொரு வினா எழுகிறது. பரீட்சை எழுதிய அத்தனை பேரும் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற கலாசாலைகளிற் பயின்றவர்கள். அவர்களிற் பலர் சர்க்காரோ சர்வகலாசாலையோ வழங்கிய பட்டயத்தையோ பட்டத்தையோ கையில் வைத்திருந்தவர்கள். ‘கற்பிக்க அருகர்’ என்று ஒரு முத்திரை கூறுகிறது. ‘அருகரல்லர்’ என்று மற்றொரு முத்திரை கூறுகிறது. இரண்டும் ஒரே ராஜாங்கத்தின் முத்திரைகள். பட்டம் பொய்யா, பரீட்சை பொய்யா? இரண்டும் ஏககாலத்தில் மெய்யாக இருக்க முடியாது. நியாயஸ்தலத்தில் ஒரு கட்சிக்காரன் இப்படி இரண்டு பத்திரங்களைத் தாக்கல் செய்தால், நீதிபதி முதலில் அந்தக் கட்சிக்காரனையே கூண்டில் ஏற்றி விசாரிப்பார்.

இதற்கு விடையைச் சர்க்காரே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஜஸ்டிஸ் ஜே. எஸ். வர்மா கமிஷனின் 2012-ம் வருஷத்து அறிக்கையை ஆதாரமாகக் காட்டி, 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறது. தேசத்தில் தனித்து இயங்கும் ஆசிரியப் பயிற்சி நிலையங்கள் பதினாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றிற் பெரும்பாலானவை பயிற்சியளிக்க உண்மையாக முயல்வதுகூட இல்லை, விலைக்குப் பட்டம் விற்கின்றன என்பதே அது. விற்றவனுக்கு அனுமதி கொடுத்தது யார்? நிலத்தை அடகு வைத்து வாங்கியவன் தண்டனை அனுபவிக்கிறான். விற்றவன் அடுத்த வருஷத்துக்கு விளம்பரம் செய்கிறான். 2030-க்குள் நான்கு வருஷ ஒருங்கிணைந்த பட்டமே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியாகும் என்று அதே கொள்கை கூறுகிறது. கடையை மூடாமல் சரக்கின் விலையை மட்டும் உயர்த்துவதால் யாருக்கு நன்மை?

நிற்க. 1-9-2025-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, சட்டம் வருமுன் வேலைக்கு வந்த ஆசிரியர்களையும் இந்த வளையத்துக்குள் கொணர்ந்தது. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேலிருப்போர் இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், தவறினால் வேலையை விட வேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்புக்குத் தலைவணங்குகிறோம்; அதன் பலனைப் பற்றி அபிப்பிராயம் கூறுவது அவமதிப்பாகாது. நாம் பயின்ற வக்கீல் தொழிலையே எடுத்துக்கொள்வோம். அகில இந்திய வக்கீல் பரீட்சை 2009-10-ம் கல்வியாண்டு முதல் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் கட்டாயம். அதற்கு முன் கறுப்பு அங்கி தரித்த எவரையும் அது தொடவில்லை. 2010-ம் வருஷத்து அறிவிக்கையும் முறைப்படி நியமனம் பெற்ற பழைய ஆசிரியர்களுக்கு விலக்கு அளித்தே இருந்தது. அந்த வார்த்தையை நம்பிப் பல வருஷம் கரும்பலகையின் முன் நின்றவரை, ‘இன்று உன்னை நிரூபி’ என்று சொல்வது எளிது. நிரூபிக்க வழி செய்ய வேண்டியவர் யார்?

ஆண்டுக்கொரு முறையேனும் இத்தேர்வை நடத்த வேண்டுமென்பது ஆசிரியர் கல்விக் குழுவின் நெறிமுறை. நமது மாகாணத்திலோ 2013-ல் நடந்த பொதுத் தேர்வுக்கு அடுத்தது 2017-ல்தான் வந்தது. 2013-ல் தேறியவர்களிற் பலர் நியமன உத்தரவைக் காணாமலே பத்து வருஷத்தைக் கழித்தனர். மாணாக்கன் நேரந்தவறினால் தண்டிக்கும் சர்க்கார் தான் நேரந்தவறியதற்கு யாருக்கு விடை சொல்லிற்று?

நாம் கேட்பவை மூன்றே. ஒவ்வொரு பயிற்சிக் கலாசாலையிலிருந்தும் தகுதித் தேர்வு எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை என்ற கணக்கை வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிட்டு, தொடர்ந்து தவறும் கலாசாலையின் அங்கீகாரத்தை ரத்து செய்க. தேர்வை விதித்தபடி ஆண்டுதோறும், குறித்த மாதத்தில் நடத்துக. வேலையிலிருக்கும் ஆசிரியருக்குத் தேர்வை விதித்தால், அதற்குரிய பயிற்சியையும் விடுமுறையையும் சர்க்கார் செலவிலேயே அளித்திடுக.

தேசத் தொண்டர்கள் இதனை ஆசிரியர் சங்கங்களின் சம்பள வழக்கு என்று ஒதுக்கிவிடலாகாது. தகுதியற்ற ஆசிரியரால் கெடுவதும் ஏழையின் குழந்தை. தகுதியுள்ள ஆசிரியர் தெருவில் காத்துக் கிடக்க, காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அதே குழந்தைதான். ஆசிரியரைச் சோதிக்கட்டும், ஆனால் அவரை ஆக்கும் கலாசாலையையும், அதற்கு முத்திரை தரும் காரியாலயத்தையும் முதலில் சோதிக்கட்டும்.