அபராதச் சீட்டு போன வழி

இத்தாலியில் ஒருவர் நிறுத்தக் கூடாத இடத்தில் காரை நிறுத்தினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே கணினியில் ஒரு வரி ஏறும்: அபராத எண், ‘அபராதம் விதிப்பு’, தேதி. நோட்டீஸ் தபாலில் போனால் இன்னொரு வரி. பணம் கட்டினால் மற்றொரு வரி.

இப்படிச் சேர்ந்த வரிகளை 2015-இல் ஆய்வாளர்களுக்காக வெளியிட்டார்கள். மொத்தம் 1,50,370 அபராதங்கள், 5,61,470 வரிகள்! யாருடைய பெயரும் அதில் இல்லை, எண்கள்தான்.

ஒரே அபராத எண் உள்ள வரிகளைப் பொறுக்கித் தேதிவாரியாக அடுக்கினால், அந்தச் சீட்டு போன வழி தெரிந்துவிடும். ‘விதிப்பு, பணம் கட்டியாச்சு’ என்று இரண்டே படியில் முடிந்தவை 46,371. நோட்டீஸ் போய், கையில் கிடைத்து, கூடுதல் அபராதமும் சேர்ந்து, கடைசியில் கடன் வசூலிப்பவர்களிடம் போனவை 56,482. இதுதான் முதலிடம். பணம் கட்டாமல் விடுவது எல்லா ஊரிலும் உண்டு போல!

லட்சக்கணக்கான வரிகளிலிருந்து கணினி எப்படி வழியைக் கண்டுபிடிக்கிறது? நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் வில் வான் டெர் ஆல்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் ‘ஆல்ஃபா’ என்றொரு முறையை உருவாக்கினார்கள். அது பார்ப்பது ஒன்றைத்தான்: எதற்கு அடுத்து எது வருகிறது? ‘அ’வுக்கு அடுத்து ‘ஆ’ வருகிறது, ஆனால் ‘ஆ’வுக்கு அடுத்து ‘அ’ வருவதே இல்லை என்றால், ‘அ’ முடிந்த பிறகுதான் ‘ஆ’. இரண்டு விதமாகவும் வந்தால், எது முன்னால் நடந்தாலும் பரவாயில்லை என்று பொருள். இப்படி ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்து, அம்புக்குறி போட்டு, முழு வரைபடத்தையும் வரைந்துவிடும். ஒரு தேதியைத் தப்பாக எழுதிவிட்டால் போதும், பாவம், ஆல்ஃபா குழம்பிப்போகும். பின்னால் வந்த முறைகள் இதில் கெட்டிக்காரத்தனமானவை.

வரைபடம் கிடைத்ததும் பழைய வரிகளைத் தூக்கிப் போடுவதில்லை. அவற்றை வரைபடத்தின் மேல் மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். பணம் கட்டிய பிறகும் ஒருவருக்குக் கூடுதல் அபராதம் விழுந்திருந்தால், அந்த இடத்தில் ஓட்டம் முட்டி நிற்கும். தவறு எந்தப் படியில் என்று பிடித்துவிடலாம். இன்று விதித்த அபராதம் எப்போது முடியும் என்று கணிக்கவும் அதே வரிகள்தான் உதவுகின்றன.

ஆனால் பணம் கட்டாத ஒருவர் ஏன் கட்டவில்லை? அது எந்த வரியிலும் இல்லை. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்படி வழி கண்டுபிடிப்பதை நீங்களும் செய்து பார்க்கலாம். உங்கள் பள்ளி நூலகப் பதிவேட்டில் புத்தக எண், எடுத்தது அல்லது திருப்பியது, தேதி ஆகிய மூன்றும் இருக்கும். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரே ஒரு புத்தகத்தின் வரிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்களேன்!