பாயும் முயலும் வீட்டுப் பாயும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமாகிய படுவான்கரையிலே, வயலும் நீர்நிலையும் சூழ அமைந்த ஊர் பழுகாமம். நாற்காலிகள் மலிந்துவிட்ட இந்நாளிலும் இப்பகுதி வீடுகளிற் பாய்க்குரிய மதிப்புக் குன்றிவிடவில்லை. ஈரநிலத்தில் வளரும் பன்னை அறுத்து, வெயிலிற் காயவைத்து, சாயந் தோய்த்து, கோடும் கட்டமும் விழப் பின்னி முடித்த பாயொன்றின் அருமை அதனைப் பின்னிய கைகளுக்கே தெரியும். அத்தகைய பாயின் மூலையை ஓரிரவிற் கடித்துக் குதறிவிட்டு, ஏதும் அறியாததுபோற் காதை நிமிர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் வளர்ப்பு முயலை என்ன செய்வது?

இவ்வினாவை எம்மிடம் கேட்போர் பலர். பிள்ளைகள் முயலின் பக்கம். தாய்மார் பாயின் பக்கம். வழக்கு முற்றியதும் பெரும்பாலும் தீர்ப்பு ஒன்றாகவே இருக்கும்: முயலுக்கு ஆயுட்சிறை! கம்பிவலைக் கூட்டில் அடைபட்டு, பிள்ளைகள் மறந்துபோன வேளைகளில் நீருமின்றிக் கிடக்கும் கதிக்கு அது ஆளாகின்றது. பாயையும் முயலையும் ஒருங்கே காப்பாற்ற வழியுண்டு என்பதே நாம் இங்கு எடுத்துக்கூற விழைவது. அன்றியும், பாய் கிழிந்தால் நட்டம் சிறிது. தின்னத் தகாததைத் தின்றால் முயலின் உயிருக்கே கேடு என்பதையும் நாம் மறத்தலாகாது.

கானமுயலும் வீட்டுமுயலும்

திருவள்ளுவர் குறிப்பிடும் கானமுயல் வேறு. நம் வீட்டில் வளரும் முயல் வேறு. இலங்கையின் காடுகளிலும் புல்வெளிகளிலும் இயல்பாக வாழ்வது பிடரியிற் கருமை படர்ந்த முயல். அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே பதுங்கிக் கிடக்கும். அதன் குட்டிகள் உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். வீட்டுமுயலோ ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகள் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இனத்தைச் சேர்ந்தது. அதன் முன்னோர் நிலத்தின் கீழே கிளைவிட்ட வளைகளைத் தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. மண்ணைப் பறித்தலும், குறுக்கிடும் வேரைக் கடித்து அறுத்தலும் அவ்வினத்தின் பிறவிக் குணங்கள். வளை தோண்ட மண்ணில்லாத வீட்டிலே அக்குணம் பாயின் ஓரத்திலும் கம்பளத்தின் நூலிலும் வெளிப்படுகின்றது.

இக்குணத்தை வெறுந் தடையினால் அடக்கிவிடலாம் என்று எண்ணுவோர் அவுஸ்திரேலியாவின் கதையை நினைவுகூர்தல் நன்று. வேட்டைப் பொழுதுபோக்கிற்காக 1859 ஆம் ஆண்டு தோமஸ் ஒஸ்ரின் என்பவர் இங்கிலாந்திலிருந்து வருவித்த முயல்களின் சந்ததி அக்கண்டமெங்கும் பெருகியது. அதனைத் தடுக்க மேற்கு அவுஸ்திரேலிய அரசினர் 1901 இல் வேலி கட்டத் தொடங்கினர். 1,833 கிலோமீற்றர் நீளமான அவ்வேலி 1907 இல் முற்றுப்பெற்றது. ஆயின், வேலைமுடியும் முன்னரே முயல்கள் அதற்கு அப்பாற் சென்றுவிட்டன! கண்டத்தின் குறுக்கே போட்ட வேலிக்கு அடங்காத சுபாவம் வீட்டிலே ஓர் அதட்டலுக்கு அடங்குமா?

பல்லின் தேவை

முயலுக்கு 28 பற்கள் உள. அவை அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். முன்பற்கள் கிழமைக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை வளர்கின்றன. எலி, அணில் முதலியவற்றோடு முயலையும் சேர்த்தெண்ணும் வழக்கம் முன்னர் இருந்தது. மேல்வாயின் முன்பற்களுக்குப் பின்னே முயலுக்கு வேறோர் இணைச் சிறுபற்கள் உண்டு. இது போன்ற வேற்றுமைகளைக் கருதி, 1912 இல் விலங்கியலார் அதனைத் தனி வரிசையாக வகுத்தனர்.

வளரும் பற்கள் தேயவேண்டுமாயின், நீண்ட நார்ப்புல்லை நெடுநேரம் மெல்லுதல் வேண்டும். முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்காவது பச்சைப் புல்லும் உலர்ந்த புல்லுமாக இருத்தல் தகும். நாமோ அன்பு மிகுதியால் பாணும் பிஸ்கற்றும் கரற்றும் கொடுக்கின்றோம். அவை சில நொடிகளில் தீர்ந்துவிடும். பல்லுக்கு வேலையில்லை, குடலுக்கு நாருமில்லை. அதன் பின் அம்முயல் பாயைத் தேடிச் செல்வதில் வியப்பென்ன? பாயைக் கடிக்கும் முயல் பெரும்பாலும் புல்லுக்கு ஏங்கும் முயலே.

வேறு காரணங்களும் உள. விடியலிலும் அந்தியிலும் முயல் சுறுசுறுப்படையும். அவ்வேளையில் ஓடியாட இடமின்றேல் அருகிலுள்ளதைக் கொறித்துப் பொழுதுபோக்கும். மூடிய கதவின் அடியிலுள்ள விரிப்பைப் பறித்தால், அப்பாற் செல்ல விழைகின்றது என்பது பொருள். பெண்முயல் பாய்த் துண்டுகளை வாயிற் கௌவிச் சென்று ஒரு மூலையிற் குவித்தால், அது கூடு கட்டுகின்றது என்று கொள்க. முயலின் கருப்பகாலம் ஏறத்தாழ 31 நாட்கள். சினைப்படாத பெண்முயலும் சிலவேளை சினைப்பட்டதுபோல் இவ்வாறு செய்வதுண்டு. அதற்கு வைக்கோல் பரப்பிய பெட்டியொன்றை அளிப்பதே முறை.

உயிருக்கு ஆபத்து எப்போது?

முயலுக்கு வாந்தியெடுக்கும் ஆற்றல் இல்லை. விழுங்கியது குடல் வழியே சென்றே ஆகவேண்டும். சாயமிடாத பன்னின் சிறு துண்டு புல்லைப் போன்ற நாரே. பெரும்பாலும் தீங்கின்றிக் கழிந்துவிடும். கம்பளத்தின் செயற்கை நூலும், இன்று சந்தையில் மலிந்துள்ள பிளாஸ்ரிக் பாயின் இழையும், உரப்பையின் நாரும் அவ்வாறல்ல. அவை செரிப்பதில்லை; திரண்டு வயிற்றையோ குடலையோ அடைத்துக்கொள்ளும்.

முயல் உண்ண மறுத்து, புழுக்கையிடாது, முதுகைக் கூனிக்கொண்டு பல்லை நறநறவெனக் கடித்தவாறு ஒடுங்கியிருக்குமாயின், அது விளையாட்டன்று. அரைநாள் இவ்வாறு கழிந்தாலே உயிருக்கு மோசம் நேரலாம். ஆமணக்கெண்ணெய் பருக்குதல் முதலிய கைவைத்தியங்களிற் காலம் போக்காது, உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

ஏற்ற தரை எது?

நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் மெத்தென்ற தசைத்திண்டு உண்டு; முயலுக்கு இல்லை. உரோமமே அதன் பாதரட்சை. ஆதலால், வெறுங் கம்பிவலையிலோ சொரசொரப்பான சீமெந்திலோ நாள்முழுதும் இருக்கும் முயலின் பின்னங்காலில் உரோமம் தேய்ந்து புண் உண்டாகும். வழவழப்பான சீமெந்தும் பளிங்கு போன்ற ஓட்டுத் தரையும் காலை வழுக்கச் செய்யும். பாய்ந்தோடும் பிராணி வழுக்கினால் இடுப்பும் முதுகும் ஊறுபடும். ஈரம் தோய்ந்த தரையோ எவ்வகையினும் ஆகாது.

சாணமிட்டு மெழுகிய தரை காலுக்கு இதமானது. ஆயின், முயல் அதனைப் பறித்துக் குழியாக்கும், சிறுநீரும் ஊறும். ஆகவே எளிதான ஒழுங்கு இதுவே: உலர்ந்த தரையின்மேல், சாயமிடாத பழைய பன்பாயை விரித்தல். மேலைநாடுகளில் முயலுக்கென்றே புல்லாற் பின்னிய பாய்கள் கடைகளில் விலைக்கு விற்கப்படுகின்றன. நம் ஊரிலோ அது தாய்மாரின் கைவேலை. தேய்ந்து கழித்த பாயே போதுமானது. கம்பிவலைக் கூடு வைத்திருப்போர் அதன் பெரும்பகுதியைப் பலகையால் மூடி, அதன்மேற் பாயோ வைக்கோலோ இடுதல் வேண்டும்.

பருவத்தையும் கவனித்தல் வேண்டும். மாரி மழையில் பாய் ஈரித்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை முயல் தின்னலாகாது. இரண்டு பாய்களை மாறிமாறி வெயிலில் உலர்த்திப் பயன்படுத்துக. கச்சான் காற்று வீசும் கோடையிலோ வெப்பமே பகை. முயலுக்கு வியர்வையால் உடலைக் குளிரச்செய்ய இயலாது. காதுகளின் வழியே சூட்டைப் போக்கும். அக்காலத்தில் நிழலான மூலையில் குளிர்ந்த ஓடொன்றை வைத்தால், வேண்டியபோது அதன்மேற் படுத்து ஆறும்.

தடுக்கும் வழிகள்

முதலாவது, எந்நேரமும் அறுகம்புல்லோ உலர்ந்த புல்லோ தட்டாது கிடைக்கச் செய்க. அது வழக்கமாகப் பாயைக் கடிக்கும் இடத்திலேயே புல்லை வைப்பது சிறந்த உபாயம்.

இரண்டாவது, கொறிப்பதற்குக் கொய்யாக் கொம்பைக் கொடுக்கலாம். அலரிக் கொம்பு நஞ்சு, அதனை அணுகவிடாதீர். வார்னிஷ் பூசிய பலகையும் வேண்டாம்.

மூன்றாவது, பழைய மரப்பெட்டியில் மணலை நிரப்பித் தோண்ட விடுக. முற்றத்தில் விடுவதாயின் நாய், கீரி, பாம்பு ஆகியவற்றை எண்ணி ஒருவர் அருகே இருத்தல் வேண்டும்.

நான்காவது, நல்ல பாயைச் சுருட்டி உயரத்தில் வையுங்கள். விரித்திருக்கும் பாயின் ஓரத்தைப் பலகையால் அழுத்தி மறைத்தால், கடிப்பதற்கு நுனி அகப்படாது. மின்கம்பிகளையும் எட்டாதவாறு மறைத்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, அடிக்காதீர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப்போல், அடித்தாற்றான் திருந்தும் என்போர் உளர். அடிபட்ட முயல் பாயை விட்டு விலகுவதில்லை. அடித்தவரை விட்டுத்தான் விலகும். பாயில் மிளகாய்த்தூள் தூவுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் அதன் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும் கொடுமைகள்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓரிணை முயல்களுக்கு 3 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் 1 மீற்றர் உயரமும் உள்ள இடமாவது வேண்டும் என்பது பிரித்தானிய முயல் நலச் சங்கத்தார் கூறும் அளவு. அவ்வளவு இடம் வீட்டுக்குள் இல்லாவிடினும், திண்ணையின் ஒரு பக்கத்தை மறித்து ஒழுங்கு செய்வது நம் கிராமத்து வீடுகளுக்கு அரிதன்று.

முயல் வாங்கித் தரும்படி பிள்ளைகள் கேட்கும்போது, அதன் விலையை மட்டும் விசாரித்து விடைசொல்லிவிடுகின்றோம். நாள்தோறும் புல் அறுப்பவர் யார், நீர் வைப்பவர் யார், பாயை உலர்த்துபவர் யார் என்ற மூன்று வினாக்களுக்கும் பிள்ளைகளிடம் விடைபெற்ற பின்னர் வாங்கிக் கொடுப்பதே நன்று. நன்கு வளர்த்தால் முயல் எட்டு, பத்து ஆண்டுகள்கூட வாழும். இன்று கேட்கும் பிள்ளை உயர்வகுப்பை எட்டும் வரையிலும் அது வீட்டில் இருக்கும். வாயில்லாப் பிராணி ஒன்றின் தேவையை அதன் செய்கையிலிருந்தே அறிந்துகொள்ளப் பழகும் பிள்ளைக்கு, அந்தப் பயிற்சி மனிதரிடத்தும் உதவும். அப்பயிற்சியின் விலையாக ஒரு பழம்பாயின் மூலை போனாற் போகட்டும்.