குளோரினுக்கு அசையாத கிருமி

1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. குளோரின் கலந்து வந்த குழாய்த் தண்ணீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இருந்தது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறினார்கள். இறந்தவர்களில் மிகுதியானோர் எய்ட்ஸ் நோயாளிகள். ஒரே தண்ணீர்தான், ஏன் இந்த வேறுபாடு?

இந்த ஒட்டுண்ணி குடலில் இருவகைக் கூடுகளை உண்டாக்குகிறது. தடித்த ஓடுள்ளது மலத்தோடு வெளியேறும். குளோரினைத் தாங்குவது இதுதான். மெல்லிய ஓடுள்ளது குடலுக்குள்ளேயே உடைந்து அதே ஆளை மறுபடி தொற்றும். நல்ல எதிர்ப்பாற்றல் இருந்தால் டி செல்கள் இந்தச் சுழற்சியை அறுத்துவிடும். எய்ட்ஸால் சிடி4 என்ற வகை டி செல்களின் எண்ணிக்கை 100-க்குக் கீழே இறங்கியவருக்கு அது நடப்பதில்லை. மாதக்கணக்கில் தண்ணீராகப் போகும். அவர்களிடம் நிட்டசாக்சனைடு மருந்தும் பெரிதாகப் பலிப்பதில்லை. எச்ஐவி கூட்டு மருந்துகளால் எதிர்ப்பாற்றலை மீட்பதே உண்மையான சிகிச்சை.

அதுவரை உயிரைக் காப்பது ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக் குடல்சுவரைக் கடக்கும்போது தண்ணீரும் கூடவே உள்ளே போகிறது. 1 லிட்டருக்கான பொட்டலத்தைத் தயவுசெய்து ஒரு தம்ளரில் கரைக்காதீர்கள். உப்பு மிகுந்து ஆபத்தாகும்.

எதிர்ப்பாற்றல் குறைந்த மற்றவர்களும், அதாவது உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், பயணத்தில் குளோரின் மாத்திரையை நம்ப வேண்டாம். தண்ணீர் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கட்டும். ஐஸ் கட்டியும் வேண்டாம். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் லோபெரமைடு போட்டு நிறுத்தப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். வழக்கமான மலப் பரிசோதனையில் இந்தக் கிருமியைப் பெரும்பாலும் தேடுவதில்லை; அதற்கெனத் தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.