சமூகவியல் பட்டமும் அது திறக்கும் வேலைகளும்

சமூகவியல் படித்தவர்களைத் தேடும் வேலை அறிவிப்புகளில் பெரும்பாலானவை அப்பாடத்தின் பெயரைத் தலைப்பில் தாங்கி வருவதில்லை. இப்படிப்பைப் பற்றிப் பெற்றோருக்கும் மாணவருக்கும் எழும் தயக்கத்திற்கு இதுவே முதற்காரணம். 'ஆய்வு உதவியாளர்', 'கள ஒருங்கிணைப்பாளர்', 'திட்ட மதிப்பீட்டாளர்' என்ற பெயர்களில் வரும் அறிவிப்புகளின் தகுதிப் பகுதியில், பொருளியலுக்கும் உளவியலுக்கும் நடுவே ஒற்றைச் சொல்லாக அது இடம்பெற்றிருக்கும். குடும்பம், சாதி, சமயம், தொழில், நகரம் ஆகியவை மனித வாழ்வை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதை ஆராயும் இத்துறை, குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கு உரிமம் வழங்குவதில்லை. ஒரு வட்டாரத்து மக்களிடம் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, கேட்டதை எப்படிச் சரிபார்த்து எழுதுவது என்னும் திறனையே அது தருகிறது. அத்திறன் கைவராமல், கோட்பாட்டாளர்களின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்து வெளிவருபவருக்கு வேலைச் சந்தையில் பெரிய மதிப்பில்லை.

களத்திற்குச் சென்று கேட்டெழுதும் இம்முறைக்குத் தமிழகத்தில் பழைய முன்னோடி ஒன்று உண்டு. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919-இல் சமூகவியல் துறை தொடங்கப்படுவதற்கு முன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர், மாணவர்களை அவரவர் ஊர்களுக்கே அனுப்பி நிலம், கூலி, கடன் முதலியவற்றைப் பற்றிய விவரங்களைத் திரட்டச் செய்து, அவற்றை 1918-இல் நூலாக வெளியிட்டார். அவ்வூர்களுள் ஒன்றான இருவேல்பட்டு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. பின்வந்த ஆய்வாளர்கள் அங்கு மீண்டும் மீண்டும் சென்றதால், ஒரே ஊரின் நெடுங்கால மாற்றத்தைக் காட்டும் அரிய பதிவுத் தொடர் இன்று கிடைக்கிறது.

இத்திறனுக்குச் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கும் துறை நில எடுப்பு. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், பொதுநோக்கத்திற்காக நிலம் எடுப்பதற்கு முன் 'சமூகத் தாக்க மதிப்பீடு' நடத்த வேண்டும் எனவும், அது ஆறு மாதத்திற்குள் முடிய வேண்டும் எனவும் கூறுகிறது. பட்டா வைத்திருப்பவர் மட்டுமன்றி, அந்நிலத்தை நம்பி வாழும் குத்தகைதாரர், கூலித் தொழிலாளர், கைவினைஞர் ஆகியோர் இழப்பது என்ன என்பதையும் கண்டறிவதே இம்மதிப்பீடு. வருவாய்ப் பதிவேட்டில் பெயரில்லாத இவர்களைத் தேடிப் பேசாமல் அதை எழுத இயலாது. மதிப்பீட்டு அறிக்கையைப் பரிசீலிக்கும் வல்லுநர் குழுவில் அரசு சாராத சமூக அறிவியலாளர் இருவர் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் விதி. எனினும் தொழிற்பேட்டைகளுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் உரிய தன் மாநிலச் சட்டங்களைத் தமிழ்நாடு இவ்விதிகளிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டதால், இம்மாநிலத்தில் இவ்வேலைக்கு இருந்திருக்கக்கூடிய வாய்ப்புச் சுருங்கியது. விலக்கால் இழந்தவர்கள் பட்டதாரிகள் மட்டுமல்லர் என்பது வேறு விவாதம்.

கணக்கெடுப்புகளும் திட்ட மதிப்பீடுகளும் இதைவிட அதிகம் பேருக்கு வேலை தருகின்றன. 1992-93-இல் தொடங்கிய தேசியக் குடும்பநல ஆய்வு போன்ற பெருங்கணக்கெடுப்புகளுக்கு, வினாப்பட்டியலோடு வீடு வீடாகச் செல்பவர்களும் அவர்களை மேற்பார்வையிடுபவர்களும் தேவைப்படுகின்றனர். கம்பெனிகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சராசரியாக ஆண்டுக்கு 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இவ்வகையில் செலவிடும் கடப்பாடு உள்ள நிறுவனங்கள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களின் பயனை வெளியார் மூலம் மதிப்பிட வேண்டும் என 2021-இல் விதி வந்தது. ஆனால் இவற்றுள் பல ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். புள்ளியியல் மென்பொருள் ஒன்றையேனும் கையாளத் தெரிந்தவரும், கேட்ட பேச்சைத் தெளிவான அறிக்கையாக எழுத வல்லவருமே அடுத்த திட்டத்திற்கு எளிதில் அழைக்கப்படுகின்றனர்.

ஒரு பொருளை மக்கள் உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்து வடிவமைப்பாளருக்குச் சொல்லும் 'பயனர் ஆய்வு', தனியார் துறையில் வளர்ந்துவரும் வேலை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் லூசி சச்மன், கணினி அறிவியலில் தேர்ந்தவர்களே புதிய நகலெடுக்கும் எந்திரத்தோடு திணறுவதைப் படம்பிடித்துக் காட்டி, குறை பயனரிடத்தில் இல்லை, எந்திரம் அவரைப் பற்றிக் கொண்டிருக்கும் கற்பனையில் இருக்கிறது என்று 1980-களில் நிறுவியது இத்துறைக்கு அடித்தளமிட்ட பணிகளுள் ஒன்று.

குடிமைப்பணித் தேர்வும் ஆசிரியப் பணியும் பலரும் அறிந்த வழிகள். மத்தியக் குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர், தலா 250 மதிப்பெண் கொண்ட இரு தாள்களை எழுதுகிறார். கல்லூரி ஆசிரியராக முதுகலையோடு தேசியத் தகுதித் தேர்வோ மாநிலத் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். சமூகப்பணி என்பது வேறு படிப்பு என்பதையும் மாணவர் சேர்க்கையின்போதே தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் உள்ள நலப்பணி இடங்கள் பலவற்றுக்குச் சமூகப்பணி முதுகலையே கேட்கப்படுவதால், அத்திசையில் செல்ல விரும்பும் சமூகவியல் பட்டதாரி முதுகலையில் பாடம் மாற வேண்டியிருக்கும்.

வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் பதிவு செய்ய முடிவாகியிருப்பது சமூகவியல் படித்தவர்களின் அறிவுக்கு நேரடித் தேவையை உண்டாக்கும். 1931-இல் 4,147 ஆக இருந்த சாதிப் பெயர்கள், 2011-இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்தைத் தாண்டியதாக மத்திய அரசு 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஒரே சாதியின் பெயர் பலவாறு எழுதப்பட்டதும், உட்பிரிவும் குலப்பெயரும் சாதியாகவே பதிவானதும் இப்பெருக்கத்திற்குக் காரணங்கள். வீடுகளுக்குச் சென்று குறிப்பவர்கள் வழக்கம்போல் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களுமே என்றாலும், எந்தப் பெயர் எதன் உட்பிரிவு, எது பட்டம், எது ஊரை ஒட்டி வந்த வழக்கு என்று வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தறிவதற்கு அப்பகுதிகளில் களப்பணி செய்து பழகியவர்களின் உதவி வேண்டியிருக்கும்.